குட்டிகள் பிழைக்க தாய் முயலைக் கவனியுங்கள்

முயல் குட்டி ஈன்றதும் ஆறா, எட்டா என்று எண்ணிப் பார்க்கிறோம். அதன்பிறகு நம் கவனம் முழுவதும் குட்டிகள் மீதுதான். ஆனால் முதல் இரண்டரை வாரத்துக்குக் குட்டிகளுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு கிடையாது. தாய் முயல் நோயில் படுத்தால், பெட்டியில் இருக்கும் அத்தனை குட்டிகளுக்கும் ஆபத்து. எனவே குட்டி ஈன்ற நாள் முதல் தாயின் தண்ணீர், தீவனம், பால்காம்பு ஆகிய மூன்றையும் தினமும் கவனிக்க வேண்டும்.

தினம் ஒரு முறைதான் பால்

தாய் முயல் குட்டிகளின் அருகில் போகாமல் கூண்டின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பால் கொடுக்கவில்லை என்று பலர் பயப்படுகிறார்கள். முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, இரவிலோ விடியற்காலையிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். பசும்பாலைவிட முயல்பாலில் புரதமும் கொழுப்பும் பல மடங்கு அதிகம் என்பதால் குட்டிகளுக்கு அதுவே போதும்.

தாயைப் பிடித்து அழுத்தி ஊட்ட வைப்பதற்கு முன், காலையில் குட்டிகளைப் பாருங்கள். வயிறு உருண்டையாக, அமைதியாகத் தூங்கினால் பால் கிடைத்திருக்கிறது. தோல் சுருங்கி, நெளிந்துகொண்டே இருந்தால் பால் கிடைக்கவில்லை. அப்போது உடனே தாயைச் சோதிக்க வேண்டும்.

தண்ணீர்தான் முதல் தீவனம்

தண்ணீர் குறைந்தால் முயல் தீவனம் எடுக்காது, பாலும் வற்றும். பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். நிப்பிள் அமைப்பு வைத்திருப்பவர்கள் தினமும் காலையில் விரலால் அழுத்தி, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

தீவனம்

ஈன்ற அன்றே தீவனத்தை ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம். நான்கைந்து நாட்களில் படிப்படியாக உயர்த்தி, 16 முதல் 18 சதவீதம் புரதமுள்ள அடர்தீவனம் 150 முதல் 200 கிராம் வரை கொடுக்கலாம். பால் சுரப்பு மூன்றாவது வாரத்தில் உச்சத்தில் இருக்கும் என்பதால், அப்போது தீவனத்தைக் குறைக்கக் கூடாது. பசுந்தீவனமாக வேலிமசால், குதிரைமசால், அகத்தி, முருங்கை இலைகளைக் கொடுக்கலாம். பனி ஈரத்தோடு போடாமல், சற்று வாடவிட்டுப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த தீவனம் அறவே கூடாது.

மடிவீக்கம்

இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது தாயின் வயிற்றுப் பகுதியைத் தடவிப் பாருங்கள். காம்பைச் சுற்றி சூடு, சிவப்பு, கட்டி, வலி இருந்தால் அது மடிவீக்க நோய். முற்றினால் அந்த இடம் நீலநிறமாக மாறும். தாய் தீவனம் எடுக்காது. பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கம்பி முனை, ஈரமான படுக்கை ஆகியவை நோய்க்கு வழிவகுக்கும்.

நோய் கண்ட தாயின் குட்டிகளை வேறு தாயிடம் விடாதீர்கள். குட்டிகள் வழியாக அந்தத் தாய்க்கும் நோய் பரவும். நோயுற்ற முயலைக் கடைசியாகக் கையாண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: மருந்துக் கடையில் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் வாங்கி முயலின் வாயில் ஊற்றக் கூடாது. முயலின் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு முயல் இறந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டியே சிகிச்சை அளிக்க வேண்டும்.

காலும் கூண்டும்

எடை கூடிய தாய் முயல்களுக்குக் கம்பித் தரையில் பின்னங்கால் பாதம் புண்ணாகும். வலியோடு இருக்கும் தாய் சரியாகத் தின்னாது. உட்கார ஒரு பலகைத் துண்டைக் கூண்டில் போட்டு, அதை அவ்வப்போது கழுவிக் காயவையுங்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கூரை மேல் தென்னங்கீற்று பரப்பி, பக்கவாட்டில் ஈரச்சாக்கு தொங்கவிடலாம். காற்றோட்டம் தடைபடக் கூடாது.

அடுத்த சினைக்கு அவசரம் வேண்டாம்

ஈன்ற மறுநாளே தாய் முயல் ஆணை ஏற்கும். அதற்காக உடனே சேர்த்தால், பால் கொடுத்துக்கொண்டே வயிற்றில் குட்டியையும் சுமந்து தாய் மெலிந்துவிடும். முதுகெலும்பைத் தடவும்போது முட்டுமுட்டாகக் கையில் தட்டினால், அந்த முயலைச் சேர்க்காதீர்கள். சினைக்காலம் சுமார் 31 நாட்கள். ஐந்து வாரத்தில் குட்டிகளைப் பிரித்து, தாய் தேறிய பிறகு சேர்த்தாலும் ஆண்டுக்கு நான்கைந்து ஈற்று எடுக்கலாம்.

பால் மறக்கச் செய்யும்போது தாயை வேறு கூண்டுக்கு மாற்றி, குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே விடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் தாய்க்கு அடர்தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் மடியில் பால் கட்டாது. தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது.

கூண்டில் ஒரு அட்டை தொங்கவிட்டு, ஈன்ற தேதி, குட்டிகளின் எண்ணிக்கை, பிரிக்கும்போது உயிரோடு இருந்தவை எத்தனை என்று எழுதி வாருங்கள். எந்தத் தாயை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை மூன்று ஈற்றுக்குள் அந்த அட்டையே சொல்லிவிடும்.