இணைப்புடன் செல்லும் மின்னஞ்சல்

ஓர் அலுவலகத்தில் 400 ஊழியர்கள் பணிபுரிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் சம்பளச் சீட்டை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பவேண்டும். எழுதுவினைஞர் ஒருவர் 400 தடவை இதனைச் செய்துகொண்டிருத்தல் இயலுமா? ஆதலின் அவ்வேலையைச் சிறியதொரு கணினி நிரலிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். நிரலோ சொன்னதைச் செய்யும்; செய்தது சரிதானா என்று திரும்பிப் பார்க்காது.

உறைக்குள் கடிதத்தோடு படமொன்றையும் செருகி வைப்பது போன்றதே இணைப்பு என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. மின்னஞ்சல் முழுவதும் தொடர்ந்து செல்லும் எழுத்துவரிசையே. 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற அஞ்சல் விதி, ஆஸ்கி எனப்படும் 128 குறிகளை மட்டுமே அனுமதித்தது. ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி என்பனவே அவற்றுட் பெரும்பாலானவை. படம் அவ்வழியே செல்லாது. நமது தமிழுந்தான் செல்லாது! 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர் எழுதி வெளியிட்ட மைம் என்ற விதி, பழைய பாதையை இடிக்காமலே அதற்கு வழி கண்டது. பாதையை மாற்றாது பண்டத்தின் உருவை மாற்றினார்கள்.

எவ்வாறெனில், கோப்பிலுள்ள பைட்டுகளை மூன்று மூன்றாக எடுத்தால் 24 பிட்டுகள் ஆகும். அவற்றை ஆறு ஆறாகப் பிரித்தால் நான்கு கூறுகள். ஒவ்வொரு கூறும் 64 மதிப்புகளுள் ஒன்றைத் தாங்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, கூட்டற்குறி, சாய்கோடு ஆக 64 குறிகள். இம்முறைக்கு பேஸ்64 என்று பெயர். மூன்று நான்காவதால் கோப்பின் பருமன் மூன்றிலொரு பங்கு கூடும். 25 மெகாபைட் எல்லையுள்ள அஞ்சற் சேவை 20 மெகாபைட் கோப்பை ஏற்க மறுப்பது இதனாலேயே.

கடிதம் எங்கே முடிகிறது, கோப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட இடையே எல்லைவரி ஒன்று நிற்கும். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதன் வகையும் கோப்பின் பெயரும் குறிக்கப்படும். பெயர் தமிழில் இருந்தால் அதையுங்கூட உருமாற்றியே எழுதவேண்டும்.

இவற்றையெல்லாம் நிரலாளர் கையால் எழுதவேண்டியதில்லை. பைதான் மொழியிலுள்ள மின்னஞ்சல் நூலகம், கோப்பின் பைட்டுகளையும் வகையையும் பெயரையும் கொடுத்தால், எஞ்சியதைத் தானே செய்யும். அபாயம் வேறோரிடத்தில் உள்ளது. புதிய மடல் ஒன்றை ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனியே உருவாக்காமல், ஒரே மடலை வைத்துக்கொண்டு பெறுநரின் முகவரியை மாத்திரம் மாற்றி, அதன்மேலேயே இணைப்பைச் சேர்த்துக்கொண்டு போனால் என்ன நிகழும்? பழைய இணைப்பு நீங்குவதில்லை. இரண்டாமவருக்கு முதலாமவரின் சீட்டும் போய்ச் சேரும். நானூறாமவருக்கோ அலுவலகம் முழுவதன் சம்பளமும் தெரிந்துவிடும். கணினி பிழையென்று ஒரு சொல்லும் சொல்லாது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. அனுப்பிய மடலை மீட்பதும் அரிது.

எனவே, மடலை உருவாக்கும் கட்டளை, ஊழியர்தோறும் சுழலும் வட்டத்தின் உள்ளே இருத்தல் வேண்டும். அனுப்புமுன் ஒவ்வொரு மடலிலும் இணைப்பு ஒன்றே உள்ளதா என எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்டால் அங்கேயே நின்றுவிடும்படி நிரலுக்கு இரண்டு வரி சேர்த்து எழுதலாம். முதல் ஓட்டத்தில் 400 மடல்களையும் நிரலாளர் தமது சோதனை முகவரிக்கே அனுப்பிப் பார்ப்பதும் நன்று.