சுற்று வழியின் பயன்

நேர் வழி இருக்கச் சுற்று வழியில் செல்பவனை உலகம் பேதை என்றே சொல்லும். பொழுதும் பொருளும் வீண் என்பது அதன் கணக்கு. வியாபாரிக்கு அக்கணக்குப் பொருந்தலாம். ஜனங்களைத் தட்டியெழுப்பப் புறப்பட்டவனுக்கு அது பொருந்துமா? வேதாரண்ய யாத்திரையை நோக்குவோம்.

1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். வேதாரண்யக் கடற்கரையில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறுவதே நோக்கம். அந்நாளிலேயே திருத்துறைப்பூண்டி வரை ரயில் ஓடிற்று. ஏறியிருந்தால் ஓரிரு தினங்களில் காரியம் முடிந்திருக்கும். ஆயினும் நடந்தார்கள். நடந்ததிலும் குறுக்கு வழியை நாடினார்களில்லை. தஞ்சையிலிருந்து தென்கிழக்கே மன்னார்குடிக்கு நேர்ச்சாலை கிடக்க, வடகிழக்கே கும்பகோணம் சென்று, பின்னர்த் தெற்கே திரும்பி மன்னார்குடியை அடைந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 150 மைல், 15 நாள்.

இதனால் விளைந்தது யாது? தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை பறைசாற்றினார். ரயிலில் போயிருந்தால் அவ்வுத்தரவுக்கு வேலையே இராது. நடந்து வந்தமையால், வழியிலிருந்த ஒவ்வொரு குடும்பஸ்தனும் தன் நெஞ்சைத் தானே கேட்க நேர்ந்தது: சோறிடுவதா, சிறைக்கு அஞ்சுவதா? கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் சிறை புகுந்தார். வெளிப்படையாக இட முடியாத இடங்களில் சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. பசித்து வந்தவனுக்கு அன்னமிடுதல் குற்றம் என்பதைக் காவிரி நாடு எங்ஙனம் பொறுக்கும்? உப்புச் சட்டம் கடற்கரையில் உடைபடுமுன், இந்த உத்தரவு சாலை நெடுக உடைபட்டது. உடைத்தவர்களிற் பலர் எந்த ஏட்டிலும் பெயர் ஏறாதவர்கள்.

ஏப்ரல் 28ஆம் தேதி படை வேதாரண்யம் சேர்ந்தது. 30ஆம் தேதி ஆச்சாரியார் உப்பெடுத்தார், கைதானார். அவர் கையில் இருந்தது ஒரு பிடி உப்பே. ஆனால் அதற்குள் ஒரு ஜில்லாவே அச்சம் நீங்கியிருந்தது.

இன்று பொதுக்காரியத்தில் ஈடுபட்டோர் ஆகாயத்தில் பறந்து செல்கிறார்கள், மேடையேறிப் பேசுகிறார்கள், அன்றிரவே திரும்பிவிடுகிறார்கள். தூரம் குறைந்தது, மெய்தான். ஆனால் இடையிலுள்ள ஊர்கள் அவர்களைக் கண்டதில்லை. அவ்வூர்களை அவர்களும் கண்டதில்லை. அவர்களுக்காகச் சோற்று மூட்டை கட்டித் தொங்கவிட எந்த மரம் காத்திருக்கிறது? ஊர் சேர்வது மட்டுமே நோக்கமாயின் நேர் வழியே நன்று. ஊராரைச் சேர்ப்பது நோக்கமாயின், அன்பர்களே, சுற்றித்தான் போகவேண்டும்.