கரடி எண்ணப் போகிற வேலை



கொழுந்து குறைந்து வேலை நாளும் குறைகிற மாதங்களில் நம்ம பையன்கள் கொழும்புக் கடைகளுக்குத்தான் போகிறார்கள். காட்டு மிருக ஆராய்ச்சிக்கும் சில மாதத்துக்கு ஆள் எடுப்பது உண்டு. லயங்களில் பலருக்கு இது தெரியாது. ஆகவே இம்முறை அதைப் பற்றி எழுதுகிறோம்.

மலையில் நமக்குப் பழக்கம் சிறுத்தைதான். கரடி இருப்பது கீழே, வறண்ட காடுகளில்: யால, வில்பத்து, வஸ்கமுவ, வன்னி. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் கரடி கிடையாது. ஆனால் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்துவிட்டு வந்த நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வைகாசி, ஆனி மாதங்களில் அங்கே சந்தைக்குப் பாலைப்பழம் வரும், சும்மா தேன் மாதிரி இருக்கும் என்பார்கள். அது வன்னிக் காட்டுப் பழம். கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். பழம் பொறுக்கப் போகிறவரும் கரடியும் ஒரே மரத்தடியில் நேருக்கு நேர் நிற்பது இந்தக் காலத்தில்தான். 1977 கலவரத்தில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரர்களில் விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் எத்தனை பேர்!

இலங்கையில் மிஞ்சியிருப்பது ஆயிரத்துக்கும் குறைவான கரடிகளே என்பது ஆராய்ச்சிக்காரர்களின் மதிப்பீடு. 2002, 2003இல் சியாமளா ரத்னாயக்க அம்மாவும் அவருடன் இருந்தவர்களும் வஸ்கமுவவில் பத்துக் கரடிகளைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டி கட்டி விட்டார்கள். பெண் கரடி சுற்றித் திரிந்த இடம் சராசரியாக 2.2 சதுர கிலோமீற்றர், அதாவது 540 ஏக்கர் அளவு. ஆண் கரடிக்கு 3.8. நடுத்தரமான ஒரு தோட்டத்துக்குள் ஒரு கரடியின் சீவியம் அடங்கிவிடுகிறது! வெளியே போக வழி இருந்தும் அவை காட்டை விட்டு அநேகமாக வரவில்லை. கைவிட்ட சேனை நிலத்தையும் அவ்வளவாக நாடவில்லை. காட்டை வெட்டினால் அதற்குப் போக இடம் இல்லை.

இதில் கூலிக்கு வருகிறவருக்கு என்ன வேலை? பெரும்பாலும் நடைதான். ஏரியலைத் தூக்கிக்கொண்டு பட்டியின் 'பீப்' சத்தம் எந்தத் திசையில் வருகிறது என்று கேட்டு எழுத வேண்டும். அமெரிக்காவில் கறுப்புக் கரடியை எண்ணுவதற்கு வாசனைப் பொருள் வைத்து, சுற்றி முட்கம்பி கட்டுகிறார்கள். கரடி நுழையும்போது கம்பியில் மயிர் சிக்கும. உதவியாள் போய் அதைச் சின்னக் குறட்டால் எடுத்து உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதுவார். மயிரின் வேரைச் சோதித்தால் எந்தக் கரடி என்று தெரிந்துவிடும். அதே கரடி எத்தனை தரம் திரும்ப வந்தது என்பதை வைத்து மொத்தக் கணக்குப் போடுகிறார்கள். உறையில் நம்பர் மாறினால் நடந்த நடையெல்லாம் வீண். கொழுந்து நிறுத்து ஒழுங்காகக் கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு இந்த வேலை நன்றாக வரும் என்பது எங்கள் எண்ணம்.

போகுமுன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது? சம்பளம் உண்டா, அல்லது சாப்பாடும் தங்க இடமும் மட்டுமா? சில இடங்களில் அப்படியும் கூப்பிடுவார்கள். காயம் பட்டால் செலவு யாருடையது? வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேலைக்கு எடுத்ததற்கு ஒரு துண்டு எழுத்தாவது கையில் இருந்தால்தான் வழக்குப் பேச லேசு. செக்றோலில் பேர் உள்ளவர்கள் தோட்ட ஆபீசில் லீவை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

காட்டில் தனியாக நடக்க வேண்டாம். கறையான் புற்றைத் தோண்டுகிற கரடிக்கு ஆள் வருவது தெரியாது. திடுக்கிட்டால் முகத்தில்தான் பாயும். பேசிக்கொண்டே போங்கள், தடியால் தட்டுங்கள். காயம் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியையும் ஏற்பு ஊசியையும் கேளுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் பேராதனை அல்லது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு எழுதி விசாரிக்கலாம். சிங்களம் பேசத் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கடிதம் எழுதச் சிரமப்படுகிறவர்கள் சம்பள நாளுக்கு அடுத்த நாள் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.