குறைந்த விலைத் திறன்பேசி: சிக்கல்களும் காரணங்களும்

குறைந்த விலைத் திறன்பேசி என்பது அடிப்படைப் பயன்பாட்டிற்குத் தேவையான உறுப்புகளை மட்டும் கொண்டு, எளிய வருமானம் உடையவர்களும் வாங்கக்கூடிய விலையில் விற்கப்படும் திறன்பேசி ஆகும். இதற்கென உறுதியான விலை வரம்பு இல்லை. இந்தியச் சந்தையில் பத்தாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட கருவிகளைப் பொதுவாக இப்பெயரால் குறிப்பிடுகின்றனர். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்குகின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி போன்ற கடலோரப் பேரூர்களில் பல குடும்பங்களுக்கு இத்தகைய கருவி ஒன்றே இணையத்திற்கான வாயிலாக உள்ளது. வங்கிக் கணக்கு, எரிவாயு உருளைப் பதிவு, தேர்வு முடிவு, கல்லூரி விண்ணப்பம், வானிலை எச்சரிக்கை, வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுடன் பேச்சு ஆகிய அனைத்தும் அதன் வழியே நடைபெறுகின்றன. வீட்டில் கணினியும் வேறு கைபேசியும் உள்ளவருக்கு ஒரு கருவி மந்தமாவது சிறு தொல்லைதான். அந்த ஒரு கருவியை மட்டும் நம்பியிருப்பவருக்கு அது தவறிய விண்ணப்பமாகவோ, கிடைக்காத எச்சரிக்கையாகவோ முடியலாம். எனவே இக்கருவிகளின் குறைகளையும் அவற்றின் காரணங்களையும் அறிந்திருப்பது பயனுள்ளது.

இந்தியாவில் வரலாறு

ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட முதல் கைபேசி 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ், இன்டெக்ஸ் முதலிய இந்திய நிறுவனங்கள் மலிவான கருவிகளை விற்கத் தொடங்கின. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் பயர்பாக்ஸ் இயங்குதளம் கொண்ட கருவியை 1,999 ரூபாய்க்கு வெளியிட்டது. அடுத்த மாதம் கூகுள் நிறுவனம் 'ஆண்ட்ராய்டு ஒன்' திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. அத்திட்டத்தின் முதல் கருவிகளை மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் வெளியிட்டன. மலிவான கருவிகளுக்கும் இயங்குதளப் புதுப்பிப்பு நேரடியாகக் கிடைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கமாகும்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் சேவை தொடங்கியது. அதன் பின்னர் இணையத் தரவின் விலை வெகுவாகக் குறைந்தது. திறன்பேசி இல்லாத வீடுகளும் அதனை வாங்கத் தொடங்கின. 2017-இல் கூகுள் அறிவித்த 'ஆண்ட்ராய்டு கோ' என்னும் எளிய பதிப்பு, 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவான நினைவகம் கொண்ட கருவிகளுக்காக உருவாக்கப்பட்டது. 2021 நவம்பரில் வெளிவந்த ஜியோபோன் நெக்ஸ்ட் கருவியின் விலை 6,499 ரூபாய். அதன் நினைவகம் 2 ஜிபி, சேமிப்பகம் 32 ஜிபி.

2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது திறன்பேசி ஒரு பாடக் கருவியாகவும் மாறியது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் பாடங்கள் ஒளிபரப்பாயின. எனினும் இணைய வகுப்புக்கும் வீட்டுப்பாடத்திற்கும் பல வீடுகளில் அப்பாவின் கைபேசியையே நம்ப வேண்டியிருந்தது. அவர் வேலைக்குச் சென்றால் கைபேசியும் உடன் சென்றது. நாட்டின் ஊரகப் பகுதிகளில் எடுக்கப்பட்ட 2021-ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வின்படி, மாணவர் வீடுகளில் திறன்பேசி உள்ளவை 67.6 விழுக்காடு, 2018-இல் இது 36.5 விழுக்காடாக இருந்தது. வீட்டில் திறன்பேசி இருந்தும் ஏறத்தாழ நான்கில் ஒரு மாணவருக்கு அது பயன்படுத்தக் கிடைக்கவில்லை என்றும் அவ்வாய்வு கண்டறிந்தது.

கருவி ஏன் மந்தமாகிறது?

மலிவான கருவி வாங்கிய முதல் சில மாதங்கள் நன்றாக இயங்கிப் பிறகு மெதுவாவது பொதுவான முறையீடாகும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நினைவகப் பற்றாக்குறை. ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தை ஒரு மேசையின் பரப்புக்கும், சேமிப்பகத்தை அலமாரிக்கும் ஒப்பிடலாம். மேசை சிறியதாக இருந்தால் ஒரு புத்தகத்தை விரிக்க மற்றொன்றை அலமாரியில் திருப்பி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டும் நினைவகம் நிறையும்போது பின்னணியில் உள்ள செயலிகளை மூடிவிடுகிறது. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில், ஒருமுறை கடவுச்சொல்லைப் பார்க்கக் குறுஞ்செய்திப் பகுதிக்குச் சென்று திரும்பினால் விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்குவது இதனால்தான். பயனர் செய்த பிழை எதுவும் அதில் இல்லை.

விளம்பரங்களில் '4 + 4 ஜிபி' என்று குறிப்பிடப்படுவதில் இரண்டாவது 4 ஜிபி உண்மையான நினைவகம் அன்று. அது சேமிப்பகத்தின் ஒரு பகுதியை நினைவகம் போலப் பயன்படுத்தும் ஏற்பாடு. மேசையில் இடமில்லாதபோது அலமாரியின் ஒரு தட்டை மேசையாகக் கொள்வதைப் போன்றது. செயலிகள் மூடப்படுவதை அது ஓரளவு குறைக்கும். வேகத்தில் உண்மையான நினைவகத்திற்கு ஈடாகாது.

இரண்டாவது, சேமிப்பகத்தின் வகை. மலிவான கருவிகளில் 'இஎம்எம்சி' வகைச் சேமிப்பகமும், விலை கூடியவற்றில் 'யூஎஃப்எஸ்' வகையும் பயன்படுகின்றன. இஎம்எம்சி, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் வண்டிகள் செல்லக்கூடிய குறுகிய பாலம் போன்றது. தகவலை எழுதும்போது அதனால் படிக்க முடியாது. யூஎஃப்எஸ் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் இயங்கும். எனவே செயலிகள் பின்னணியில் புதுப்பிக்கப்படும்போது மலிவான கருவி திணறுகிறது.

மூன்றாவது, செயலிகளின் எடை. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் செயலிகள் பெரிதாகின்றன. அவற்றை உருவாக்குவோர் பெரும்பாலும் வேகமான கருவியிலும் வேகமான இணையத்திலும் சோதிக்கின்றனர். இக்குறையை உணர்ந்து பேஸ்புக் நிறுவனம் 2015-இல் தன் ஊழியர்கள் வாரம் ஒருமுறை இரண்டாம் தலைமுறை இணைய வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. எடை குறைந்த 'பேஸ்புக் லைட்' செயலியும் அவ்வாண்டே வந்தது.

சேமிப்பகம் நிறைதல்

32 ஜிபி என்று பெட்டியில் அச்சிடப்பட்ட கருவியில் முழு அளவும் பயனருக்குக் கிடைப்பதில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளாகக் கணக்கிடுகிறார். பல மென்பொருள்கள் 1,024-இன் மடங்குகளாகக் கணக்கிடுகின்றன. அதனாலேயே 32 என்பது ஏறத்தாழ 29.8 ஆகத் தெரியும். அதிலும் இயங்குதளமும் முன்பே நிறுவப்பட்ட செயலிகளும் பல ஜிபி இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

எஞ்சிய இடத்தை வாட்சப் படங்களும் காணொளிகளும் நிரப்புகின்றன. பூவும் தீபமும் கொண்ட காலை வணக்கப் படங்கள் இந்தியக் கைபேசிகளை நிறைப்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் கண்டறிந்தது 2018-இல் உலகச் செய்தியானது. சேமிப்பகம் நிறையும் நிலையில் புதிய தகவலை எழுதப் பழையவற்றை இடம் மாற்றி அடுக்க வேண்டியிருப்பதால் கருவி மேலும் மெதுவாகும். ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது காலியாக வைத்திருப்பது நல்லது. வாட்சப்பின் அமைப்புகளில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்துவது இதற்கு எளிய வழியாகும்.

நீக்க முடியாத செயலிகளும் விளம்பரங்களும்

சில நிறுவனங்கள் கருவியைக் குறைந்த இலாபத்தில் விற்று, முன்பே நிறுவப்பட்ட செயலிகள், விளம்பரங்கள் ஆகியவற்றின் வழியே வருவாய் ஈட்டுகின்றன. விலையின் ஒரு பகுதியைப் பயனர் பணமாகத் தராமல் தம் கவனமாகவும் தகவலாகவும் தருகிறார் எனலாம். இத்தகைய செயலிகளில் பலவற்றை நீக்க முடியாது. 2020 ஜனவரியில் பிரைவசி இன்டர்நேஷனல் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்ட அமைப்புகள், இவற்றை நீக்கும் உரிமை பயனருக்கு வேண்டும் எனக் கூகுள் நிறுவனத்திற்குத் திறந்த மடல் எழுதின. நீக்க முடியாத செயலியையும் அமைப்புகளில் 'முடக்கு' என்பதைத் தெரிவு செய்து நிறுத்திவைக்கப் பல கருவிகளில் இயலும்.

புதுப்பிப்பு நின்றுபோதல்

ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுள் 2015 முதல் மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. அவற்றை ஒவ்வொரு கருவிக்கும் ஏற்பத் தயாரித்து அனுப்புவது உற்பத்தியாளரின் பொறுப்பு. இலாபம் குறைந்த கருவிகளில் இவ்வேலை விரைவில் கைவிடப்படுகிறது. வன்பொருள் நன்றாக இருந்தும் கருவி பயனற்றதாகும் நிலை இதனால் ஏற்படுகிறது. எடுத்துக்காட்டாக, 2023 அக்டோபர் முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்கு முந்தைய பதிப்புகளில் வாட்சப் இயங்குவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கருவியில் வங்கிப் பரிமாற்றம் செய்வதும் இடர் மிகுந்தது.

கடற்காற்றும் மின்கலமும்

எல்லாத் திறன்பேசிகளிலும் உள்ள லித்தியம் அயனி மின்கலம், மின்னேற்றம் செய்யச் செய்யக் கொள்ளளவை இழக்கும். வெப்பம் இவ்விழப்பை விரைவாக்கும். வெயிலில் நிற்கும் படகிலோ, ஆட்டோவின் முன்புறத்திலோ வைக்கப்படும் கருவியின் மின்கலம் விரைவில் நலிவடைகிறது.

கடலோரத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. உப்பு ஈரம் மின்னேற்றும் துளையில் உள்ள உலோக முனைகளை அரிக்கிறது. ஐபி67 போன்ற நீர்த்தடுப்புத் தரச்சான்று மலிவான கருவிகளில் அரிது. ஈரம் பட்ட கருவியை உடனே மின்னேற்றினால் அரிப்பு மேலும் கூடும். நன்கு உலர்ந்த பின்னரே மின்னிணைப்பில் செருக வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது குமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கைபேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து சிறிது தொலைவு வரையே கிட்டும் என்பதால் அவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாதாரணக் கைபேசியும் அங்கே பயன்படாது. 2019 அக்டோபரில் மத்திய அரசு 'ஜெமினி' என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. இது ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைபேசிக்கு அனுப்புகிறது. அச்செய்தியை அவர் படிக்க வேண்டுமானால் கைபேசியில் மின்னேற்றம் இருக்க வேண்டும். புளூடூத்தும் செயலியும் சரிவர இயங்க வேண்டும். மலிவான கருவியின் நலிந்த மின்கலம் இங்கே உயிர் சார்ந்த செய்தியாகிறது.

மேலும், பல மலிவான கருவிகளில் திசைகாட்டி உணரி இருப்பதில்லை. அத்தகைய கருவியின் நிலப்படம் இருக்கும் இடத்தைக் காட்டும். நின்ற நிலையில் எத்திசை நோக்கியிருக்கிறோம் என்பதைக் காட்டாது. கடலில் செல்வோர் வாங்கும் முன் இதனை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணலும் திறன்பேசியும்

திறன்பேசியின் உறுப்புகளுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் வேதியியல் வழியில் ஒரு தொடர்பு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னைநார்ப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். அதன் தொடர்ச்சியாக மணவாளக்குறிச்சியில் கனிம மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. அக்காலத்தில் வாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவையான தோரியத்திற்காகவே மோனசைட் தேடப்பட்டது. 1950-இல் நிறுவப்பட்ட இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை இன்று இங்கு இயங்குகிறது.

மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய அருமண் தனிமங்களும் உள்ளன. திறன்பேசியின் ஒலிபெருக்கியிலும் அதிர்வு இயக்கியிலும் உள்ள சிறிய வலிமையான காந்தம் நியோடிமியத்தால் ஆனது. கண்ணாடியை மெருகேற்றச் சீரியம் ஆக்சைடு பயன்படுகிறது. ஐயாயிரம் ரூபாய்க் கருவியிலும் ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியிலும் இத்தனிமங்கள் உள்ளன. மண்ணைத் தோண்டிப் பிரித்தெடுத்த பொருள்களால் ஆன கருவி, மென்பொருள் நின்றுபோனதால் இரண்டே ஆண்டில் குப்பையாவது பணத்தோடு இயற்கை வளத்தையும் வீணாக்குகிறது.

சட்டங்களும் உரிமைகளும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு வகைத் திறன்பேசியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்கவும், ஏழு ஆண்டுகளுக்கு உதிரி உறுப்புகள் கிடைக்கவும் வகை செய்கின்றன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 திசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன.

உத்தரவாதக் காலத்தில் பழுது சரிசெய்யப்படாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கன்னியாகுமரி மாவட்டத்திற்கான ஆணையம் நாகர்கோவிலில் உள்ளது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. விலைச்சீட்டு இல்லாமல் உரிமையை நிலைநாட்டுவது கடினம் என்பதால், கடையில் அதனைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

- உண்மையான நினைவகம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். '+' குறிக்குப் பின் உள்ள எண்ணைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.
- எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும்.
- நினைவக அட்டைக்குத் தனித் துளை உள்ளதா, பழுதுநீக்கும் மையம் அருகில் உள்ளதா என அறிய வேண்டும்.
- *#06# என அழுத்தினால் கருவியின் 15 இலக்க அடையாள எண் தெரியும். அதனைப் பெட்டியில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டுக் குறித்து வைக்க வேண்டும். கருவி தொலைந்தால் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் இவ்வெண்ணைக் கொண்டு அதனை முடக்கலாம்.
- பழைய கருவியை விற்கும் முன் அதில் உள்ள தகவல்களை முழுமையாக அழித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே மலிவான கருவியை வைத்திருப்பவர்கள், தேவையற்ற செயலிகளை நீக்குதல், எடை குறைந்த பதிப்புகளைப் பயன்படுத்துதல், படங்களை நினைவக அட்டைக்கு மாற்றுதல், நலிந்த மின்கலத்தை மாற்றுதல் ஆகியவற்றால் அதன் ஆயுளை நீட்டிக்க முடியும். முக்கியமான இணைய விண்ணப்பங்களைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாமல் முன்கூட்டியே நிரப்புவதும், நிரப்பும் முன் மற்ற செயலிகளை மூடிவிடுவதும் மாணவர்களுக்கு மிகவும் உதவும்.