வாலி எப்போது மாறினான்?

பங்குனி மகத்தன்று மாலை காரைக்குடியில் கம்பன் விழா தொடங்கும். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் இங்கே. நான்காம் நாள் அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பர் அடங்கிய இடமென்று ஊர் போற்றும் சமாதியில். ரசிகமணி டி.கே.சி.யின் கம்பன் பேச்சில் மனத்தைப் பறிகொடுத்த சா. கணேசன் 1939-ல் தொடங்கிவைத்த விழா இது. விடுதலைப் போராட்டத்தில் நின்றவர். 'கம்பன் அடிப்பொடி' என்பதையே தன் பெயராக்கிக்கொண்டவர். குறித்த நேரத்துக்குக் கூட்டம் தொடங்க வேண்டும், குறித்த நேரத்துக்குப் பேச்சு முடிய வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பைப் பற்றி எங்கள் அப்பச்சி நிறையச் சொல்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் கதை தெரியாமல் வந்து உட்காருகிறவர் ஒருவரும் கிடையாது. இராவணன் சாகப்போகிறான், சீதை மீளப்போகிறாள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் ஆண்டுதோறும் கூட்டம் சேர்கிறது. கதையில் வருகிறவர்களைப் பற்றிச் சண்டை போடத்தான்.

அந்தச் சண்டைக்கு இங்கே முறையான வடிவங்கள் உண்டு. பட்டிமன்றம் என்றால் இரண்டு மூன்று அணிகள், நடுவே நடுவர். உடன்பிறப்பில் உயர்ந்தவன் பரதனா, இலக்குவனா, கும்பகருணனா என்பது போன்ற தலைப்புகள். வழக்காடு மன்றம் இன்னும் கடுமை. ஒரு பாத்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுப்பார், தீர்ப்பும் உண்டு. பக்கத்திலிருக்கும் குன்றக்குடியின் அடிகளார் நடுவராக வீற்றிருந்து பட்டிமன்றத்தைச் சாதாரண மக்கள் விரும்பிக் கேட்கும் கலையாக வளர்த்தார். யாழ்ப்பாணத்தில் 1980-ல் தோன்றிய கம்பன் கழகம் இதே வாதங்களைக் கொழும்பு வரை கொண்டுபோயிற்று.

பக்தி உள்ளவர்கள் மட்டும் செய்த வேலை என்று இதை நினைக்க வேண்டாம். 1943-ல் அண்ணா கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற கட்சியில் நின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடு வாதிட்டார். பிறகு எழுதிய 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில், இரக்கமற்றவன் என்று கம்பன் சொன்ன இராவணனை மறுவிசாரணைக்கே கொண்டுவந்தார். நூலை ஊன்றிப் படிக்காதவரால் அந்த நாடகத்தை எழுதியிருக்க முடியாது. நீதிபதி மு.மு. இஸ்மாயில், வாலி இராமனைக் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டு 'மூன்று வினாக்கள்' என்று ஒரு நூலே எழுதினார். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் ஒரு குரங்கரசனின் வழக்கை அவ்வளவு பொறுமையாக விசாரித்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இவ்வளவு சொன்ன பிறகு என் மனத்திலிருக்கும் குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றத்தில் அணி பிரித்த உடனே பாத்திரம் அசையாமல் நின்றுவிடுகிறது. வாலி நல்லவன் என்று ஓர் அணி, கெட்டவன் என்று ஓர் அணி. இரண்டு பேர் கையிலும் நூலிலிருந்து எடுத்த பாட்டு இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கம்பன் படைத்த வாலி ஒரே படலத்துக்குள் வேறோர் ஆளாகிறான். 'அவன் செய்தது சரியா' என்பதைவிட 'அவன் எந்த இடத்தில் மாறினான்' என்பது நல்ல கேள்வி. அதற்கு விடை காண மேடை போதாது. மறுபடி மறுபடி படிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பனை வாசிக்கிறோம். தபால் ஆபீசில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி, எதிர்வீட்டு ஆச்சி, லீவுக்கு வந்தால் என் பேத்தி. ஒருவர் பாட்டைச் சீர் பிரித்துச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் வை.மு.கோ. உரையைப் பார்த்துப் பொருள் சொல்வார். பத்தாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிற நூல். முடிந்தால் மறுபடி பாலகாண்டம்.

வாலி வதைப் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கிரீவன் வந்து போருக்கு அழைக்கிறான். போகாதீர்கள், இராமன் என்று ஒருவன் அவனுக்குத் துணையாக வந்திருக்கிறானாம் என்று தாரை தடுக்கிறாள். வாலிக்குக் கோபம் வருகிறது. தன்னைப் பற்றியல்ல, இராமனைப் பற்றிக் குறைத்துப் பேசியதற்காக! கிடைத்த அரசைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தவனா அண்ணன் தம்பி சண்டைக்குள் நுழைந்து அம்பு விடுவான் என்று மனைவியைக் கடிந்துகொண்டு கிளம்புகிறான். கதையை முதல்முறை படிக்கிறவர் சண்டையைப் பார்க்கும் அவசரத்தில் இந்தப் பேச்சைத் தாண்டிப் போய்விடுவார். முடிவு தெரிந்து படிக்கும்போது நெஞ்சை அடைக்கும். கிட்கிந்தையில் இராமன்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தவன் அன்றைக்கு இவன் ஒருவன்தான்.

மறைவிலிருந்து வந்த அம்பு மார்பில் தைக்கிறது. வாலி அதைக் கையாலும் வாலாலும் பற்றி இழுத்து, யார் விட்டது என்று பார்க்கிறான். இராமன் பெயர் இருக்கிறது. அப்புறம் அவன் பேசும் பேச்சில் இருக்கும் சூடு, அம்பு பட்ட வலியால் மட்டும் வந்ததில்லை. மனைவியிடம் யாருக்காகப் பரிந்து பேசினானோ அவனே செய்திருக்கிறான் என்ற வலி. தாரை காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் இது பிடிபடும்.

பிறகு வாதம் நடக்கிறது. தம்பி மனைவியைக் கவர்ந்தாய் என்று இராமன் சொல்ல, நாங்கள் குரங்குகள், உங்கள் திருமண அறம் எங்களுக்கு எதற்கு என்று வாலி கேட்கிறான். நல்லது கெட்டது தெரிந்தவனை விலங்கென்று சொல்லலாமா, அறிவுள்ளவனுக்கு அறமும் உண்டு என்பது இராமன் பதில். மறைந்து நின்று ஏன் எய்தாய் என்ற கேள்வி வந்ததும் இராமன் பேசவில்லை. இலக்குவன் பதில் சொல்கிறான். உன் தம்பி முன்பே அடைக்கலம் புகுந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் என்று கேட்டுவிடுவாய் என்று மறைந்து நின்றார், என்கிறான். அதன் பிறகு வாலியின் குரல் தணிந்துவிடுகிறது.

எங்கள் பட்டாலையில் பெரிய வாதம் நடந்தது இந்த இடத்தில்தான். இலக்குவன் சொன்ன சமாதானம்தான் அவனை மாற்றியது என்றார் தபால் ஆபீஸ் அண்ணன். மருந்துக்கடைத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தச் சமாதானத்துல ஓட்டை இருக்கு ஆச்சி. அதைக் கேட்டா எனக்கே கோபம் வருது, உயிர் போறவனுக்கு எப்படி ஆறும்?" என்றார்.

என் எண்ணம் வேறு. மாற்றம் அதற்கு முன்பே, 'நீ விலங்கல்ல' என்று இராமன் சொன்ன இடத்தில் தொடங்கிவிட்டது. நான் குரங்குதானே என்று தப்பிக்கும் வழி வாலிக்குத் திறந்திருந்தது. அந்த வழியில் போனால் குற்றம் இல்லை, ஆனால் வெறும் மிருகமாகச் சாக வேண்டும். இராமன் பதிலை ஏற்றால் குற்றவாளி, ஆனால் அறம் தெரிந்த உயிர். வாலி இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறான். தீர்ப்பை ஏற்றதாலேயே அவன் உயர்ந்தான் என்று நான் நினைக்கிறேன்.

உண்மையாகவே மாறினானா, சாகும்போது வந்த சரணாகதியா என்று கேட்கலாம். அதற்கும் கம்பன் சாட்சி வைத்திருக்கிறான். வாலி இராமனிடம் ஒரு வரம் கேட்கிறான். என் தம்பி எப்போதாவது மதுவைக் குடித்து அறிவு மயங்கித் தவறு செய்தால், என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே. அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் அவனை இகழ்ந்தால் தடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறான். சற்று முன்புவரை கொல்லத் துரத்திய தம்பிக்காக!

இரண்டு படலம் தள்ளி, கார்காலம் கழிந்தும் சுக்கிரீவன் படையோடு வரவில்லை. குடித்துவிட்டுச் சொன்ன சொல்லை மறந்து கிடக்கிறான். இலக்குவன் சினத்தோடு கிளம்பி வருகிறான். நாங்கள் கிட்கிந்தைப் படலத்தின் அந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த பேத்தி நிமிர்ந்து, "ஆயா, வாலிக்குத் தெரிஞ்சிருக்கு. இவன் குடிச்சுட்டு மாட்டிக்குவான்னு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றாள். பக்கத்தைப் பின்னால் புரட்டி வரம் கேட்ட பாட்டை அவளே எடுத்து வாசித்தாள். எதிர்வீட்டு ஆச்சி மெல்ல, "கூடப்பிறந்தவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்" என்றார்கள்.

அவள் ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறவள். 1997-ல் தொடங்கி 2007-ல் முடிந்த அந்த வரிசையில் ஸ்னேப் என்றொரு வாத்தியார் வருகிறார். கடைசிப் புத்தகத்தில் அவர் மனம் தெரிந்த பிறகு முதல் புத்தகத்துக்குத் திரும்பினால், அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள் கிடைக்கிறதாம். அவளும் தோழிகளும் அதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்களாம். கேட்டபோது எனக்குக் கம்பன் விழாப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. மாய உலகமும் மந்திரமும் இருக்கட்டும். வாசகரைத் திரும்ப இழுப்பது, அதற்குள் இருக்கும் ஆளின் மனம்.

கம்பனில் இப்படித் திரும்பிப் பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனையோ. இராமன் சிறு வயதில் வில்லால் மண்ணுருண்டை எறிந்து மந்தரையின் கூனில் அடித்தது போகிற போக்கில் ஒரு பாட்டில் வரும். அயோத்தி முழுவதும் அழுது முடித்த பிறகு அந்தப் பாட்டுக்குத் திரும்பினால் அது வேறு கனம் கனக்கும். இராமன் முடிசூடப் போகிறான் என்று கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மந்தரைக்கு மாலை பரிசளிக்கிறாள். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. போர்க்களத்தில் கும்பகருணனிடம் வீடணன் வந்து, எங்கள் பக்கம் வந்துவிடு என்று அழைக்கும் காட்சியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அண்ணன் செய்தது தவறென்று தெரிந்தும் அவனுக்காகச் சாகப் போகிறவன், சாகும் நேரத்தில் எதிரியிடம் தன் தம்பியைக் காக்கச் சொல்லி வேண்டுகிறான்.

வாலியும் தம்பிக்காகக் கேட்டான், கும்பகருணனும் தம்பிக்காகக் கேட்டான். இரண்டையும் ஒரே மூச்சில் படித்தவருக்கு, அண்ணன் தம்பி என்ற ஒரே சிக்கலைக் கம்பன் எத்தனை பக்கமிருந்து பார்த்திருக்கிறான் என்பது விளங்கும்.

கம்பனை இதுவரை தொடாதவர்கள் பாலகாண்டத்தில் தொடங்கத்தான் வேண்டும் என்பதில்லை. வாலி வதை, அரசியல், கார்காலம், கிட்கிந்தை என்ற நான்கு படலங்களை வரிசையாக, உரை வைத்துக்கொண்டு, வீட்டில் இன்னொருவரோடு சத்தமாக வாசியுங்கள். முடிந்ததும் திரும்ப வாலி வதைக்கு வாருங்கள்.

நாங்கள் இப்போது நிற்பது, சினத்தோடு வரும் இலக்குவனைத் தாரை வழிமறிக்கும் இடத்தில். மங்கலநாணும் அணியும் நீங்கிக் கைம்பெண்ணாக நிற்கும் அவளைப் பார்த்ததும் அவனுக்கு அயோத்தியில் இருக்கும் தாய்மார் நினைவு வந்துவிடுகிறது. கண் கலங்கித் தலை கவிழ்கிறான். இலக்குவன் இந்த இடத்தில் மாறிவிட்டான் என்கிறார் மருந்துக்கடைத் தம்பி. ஒரு நிமிடம் தணிந்தான், அவ்வளவுதான், யுத்தகாண்டத்தில் பாருங்கள் என்கிறார் அண்ணன். பேத்தி இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.