இங்கிலீஷ் தெரிஞ்சா டீச்சர் ஆகிடலாமா? பின்லாந்தில் இரண்டு ‘புலங்கள்’ சேர்ந்து சொல்லும் பதில்

ஸ்கூலில் உங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவரை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். சிலர் மொழியைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்றுமே ஏறாது. சிலர் பாடத்தை அழகாக நடத்துவார்கள். ஆனால் புத்தகத்தைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டால், “அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு” என்று முடித்துவிடுவார்கள். ரெண்டு திறமையும் ஒரே ஆளிடம் அமைந்தால், அது நம்ம அதிர்ஷ்டம்.

இதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், படிப்பிலேயே ஏற்பாடு செய்துவிட முடியுமா? பின்லாந்து பல வருஷங்களாக இதைத்தான் முயற்சி செய்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு

‘பின்லாந்தில் ஹோம்வொர்க்கே கிடையாது, பரீட்சையே கிடையாது’ என்ற ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அது முழு உண்மை இல்லை. அங்கே ஹோம்வொர்க் உண்டு, குறைவாக இருக்கும். மேல்நிலைப் படிப்பின் முடிவில் நாடு முழுக்க நடக்கும் பொதுத்தேர்வும் உண்டு. இதைவிட முக்கியமான விஷயம், அங்கே ஒருவர் எப்படி டீச்சர் ஆகிறார் என்பதுதான்.

‘புலம்’னா என்ன?

ஒன்றோடொன்று தொடர்புள்ள பல துறைகளை ஒரே குடையின் கீழ் வைத்திருக்கும் பெரிய பிரிவுதான் பல்கலைக்கழகத்தில் ‘புலம்’. 1640-ல் துர்க்கு நகரத்தில் தொடங்கப்பட்டு, அங்கே நடந்த பெரும் தீ விபத்துக்குப் பிறகு 1828-ல் தலைநகருக்கு இடம் மாறிய ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் இப்படி 11 புலங்கள் இருக்கின்றன. நமக்கு இப்போது இரண்டு போதும்.

ஒன்று, கலைப்புலம். மொழிகள், இலக்கியம், வரலாறு, தத்துவம் எல்லாம் இதில் வரும். இன்னொன்று, கல்வியியல் புலம். குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது, வகுப்பை எப்படிக் கொண்டுபோவது என்பது இதன் வேலை.

யார் எங்கே படிக்கிறார்கள்?

பின்லாந்துப் பள்ளிகளில் முக்கியமாக இரண்டு வகை ஆசிரியர்கள்.

1 முதல் 6-ம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களை எடுப்பவர் வகுப்பு ஆசிரியர். இவருக்குக் கல்வியியல்தான் முதன்மைப் பாடம்.

7-ம் வகுப்பிலிருந்து பாட ஆசிரியர்கள். இங்கிலீஷ் டீச்சர் ஆக நினைப்பவர் கலைப்புலத்தில் இங்கிலீஷை முதன்மைப் பாடமாகப் படிப்பார். அந்தப் பட்டப்படிப்போடு சேர்த்தே, ஒரு வருஷப் படிப்புக்குச் சமமான 60 கிரெடிட்டைக் கல்வியியலில் முடிப்பார்.

ரெண்டு பேருக்குமே மொத்தம் 300 கிரெடிட், அதாவது சுமார் ஐந்து வருஷம். முதுகலைப் பட்டம் கட்டாயம், ஆய்வேடும் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாலும் இதுதான் கணக்கு. 1970-களின் கடைசியிலிருந்தே இந்த முறை இருக்கிறது.

பயிற்சிக்கு, பல்கலைக்கழகமே நடத்தும் பள்ளிகள் உண்டு. ஹெல்சின்கிக்கு அப்படி இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிப்பது நிஜமான மாணவர்கள். பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்துவார். அனுபவமுள்ள ஆசிரியர் கவனித்துவிட்டு, எங்கே சறுக்கியது என்று உட்கார்ந்து பேசுவார்.

2020-ல் வந்த சிக்கல்

இரண்டு புலங்களும் ஏன் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் இது. முன்பு பின்லாந்தில் முதல் அந்நிய மொழியைப் பெரும்பாலும் 3-ம் வகுப்பில்தான் தொடங்குவார்கள். 2020 முதல், ஒன்றாம் வகுப்பின் இரண்டாம் பருவத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று ஆனது.

அங்கே பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேருவதே ஏழு வயதில். சொந்த மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே அப்போதுதான் பழகுகிற குழந்தைக்கு இங்கிலீஷை யார் சொல்லிக்கொடுப்பது?

பாட ஆசிரியருக்கு மொழி அத்துப்படி. ஆனால் அவர் பழகியது பதின்வயதுப் பிள்ளைகளோடு. வகுப்பு ஆசிரியருக்குக் குழந்தைகள் அத்துப்படி. மொழியில் அவ்வளவு ஆழம் இருக்காது. இலக்கணம், எழுத்துத் தேர்வு எதுவும் அந்த வயதில் எடுபடாது. பாட்டு, விளையாட்டு, பேச்சு வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு சொல்லை எப்படி உச்சரிப்பது என்பதும் தெரியணும், அதை ஏழு வயதுக் குழந்தையின் வாயில் எப்படி வரவைப்பது என்பதும் தெரியணும். ஒரு புலம் மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

அப்போ எல்லாம் சரியா இருக்கா?

இல்லை. 15 வயது மாணவர்களுக்கான ‘பீசா’ சர்வதேசத் தேர்வு 2000-ல் முதல்முறை நடந்தபோது, வாசிப்பில் பின்லாந்து 546 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. 2022-ல் அது 490. கணிதத்தில் 2006-ல் 548 எடுத்த நாடு, 2022-ல் 484-க்கு இறங்கியது.

ஆசிரியர் படிப்பு முறை உச்சத்திலும் இதேதான், சரிவிலும் இதேதான். ஆக, நல்ல டீச்சர் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதேபோல, சரிவு வந்துவிட்டதே என்று டீச்சருக்கான முதுகலைத் தகுதியை அந்த நாடு கைவிட்டுவிடவும் இல்லை.

நமக்கு இதில் என்ன இருக்கு?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் பி.ஏ. மூன்று வருஷம். 2015 முதல் பி.எட். இரண்டு வருஷம். கூட்டினால் ஐந்து. பின்லாந்திலும் ஐந்துதான். இன்னும் சொன்னால், கல்வியியலுக்கு மட்டும் நாம் ஒதுக்குவது அவர்களைவிட ஒரு வருஷம் அதிகம்.

அப்போ வித்தியாசம் எங்கே? அங்கே ரெண்டும் ஒரே பட்டத்துக்குள் சேர்ந்து வருகிறது. இங்கே பெரும்பாலும் ஒரு காலேஜில் மொழியை முடித்து மூடிவைத்துவிட்டு, இன்னொரு காலேஜில் போய் சொல்லிக்கொடுக்கப் படிக்கிறோம். இலக்கியம் எடுத்த பேராசிரியரும் பி.எட். பேராசிரியரும் நேரில் பார்த்துக்கொள்ளவே வாய்ப்பில்லை. ரெண்டையும் இணைக்கும் நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு சில கல்வி நிறுவனங்களில் இப்போது வந்திருக்கிறது.

டீச்சர் ஆகணும்னு உங்களுக்கோ தம்பி தங்கைக்கோ ஆசை இருந்தால், அட்மிஷன் போடும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பாடத்தை யார் சொல்லித் தருகிறார்கள்? அதை ஒரு பிள்ளைக்குப் புரியவைப்பது எப்படி என்று யார், எந்த வகுப்பறையில் பக்கத்தில் நின்று காட்டப்போகிறார்கள்? ரெண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வருகிற காலேஜைத் தேர்ந்தெடுங்கள்.