மழைநாட்டில் வெந்தயக் கீரை

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் மலைச்சாய்வுகளை மூடி வளர்கின்றன. பள்ள நிலங்களில் நெல் விளைகின்றது. வீட்டு வளவுகளிலும் லயங்களின் ஓரங்களிலும் மரவள்ளி, வல்லாரை, பயற்றை, கத்தரி முதலியன பயிராகின்றன. ஆயினும், அன்றாடம் குழம்பிலும் சொதியிலும் இடப்படும் வெந்தயம் கடையிலிருந்தே வருகின்றது. கடைக்கோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றது. இறக்குமதிப் பொருளின் விலை எவ்வாறு ஏறக்கூடும் என்பதை 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி ஒவ்வொரு குடும்பத்துக்கும் காட்டியது. அத்தகைய வேளையில், வெந்தயத்தை நாமே விளைவித்தால் என்ன என்று கமக்காரர் எண்ணுவது இயல்பே.

இவ்வெண்ணத்தில் ஒரு பாதி நிறைவேறக்கூடியது. மற்றப் பாதி நிறைவேறாது. முதலில் நிறைவேறாததைக் கூறிவிடுதல் நன்று. விதைக்காக வெந்தயம் பயிரிடுதல் இப்பகுதிக்கு ஏற்றதன்று. இந்தியாவில் இப்பயிர் மிகுதியாக விளையும் இராசத்தானில் குளிர்காலத் தொடக்கத்தில் விதைத்து, வெயில் ஏறும்போது அறுவடை செய்கின்றனர். இளமையில் குளிர்ச்சியும், காய் முற்றும்போது வறட்சியும் அதற்கு வேண்டும். விதை முற்ற மூன்று முதல் நான்கு மாதங்கள் செல்லும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈர வலயத்தில் அத்தனை நீண்ட வறட்சி கிடைப்பதில்லை. சனவரியில் விதைத்தாலும், காய் பிடிக்கும் வேளையில் சித்திரை மாத இடிமழை வந்துவிடும். காய்கள் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். பெரும்போக நெல் அறுவடையான வயலில் இதனை விதைத்துப் பார்க்கலாம் என எண்ணுவோரும் உளர். சேறு வற்றாத அவ்வயல்களில் வேர் அழுகுவதே மிகுதி.

கீரைக்காக வளர்ப்பது வேறு செய்தி. கீரைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களே போதும். பூவும் காயும் வேண்டுவதில்லை. மழையிலிருந்து அத்தனை நாள்களுக்குக் காப்பாற்ற ஒரு தாழ்வாரம் போதுமானது.

ஆறு அங்குல ஆழமுள்ள மரப்பெட்டியோ பழைய பழக்கூடையோ எடுத்து, அடியில் நீர் வடியத் துளைகள் இடவேண்டும். தரையில் நேரே வையாது, இரு கற்களின்மேல் வைத்தல் வேண்டும். மேல்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு சேர்த்து நிரப்பலாம். தேயிலைச் செடியடியில் அள்ளிய மண் உதவாது; தேயிலை விரும்பும் புளிப்பு மண்ணை வெந்தயம் விரும்புவதில்லை. வேறு மண்ணாயினும், இப்பகுதி நிலம் பெரும்பாலும் புளிப்புடையதே. ஆதலால் பெட்டிக்கு ஒரு கைப்பிடி டொலமைற்று கலந்து, இரு வாரம் ஆறவிட்டு விதைத்தல் வேண்டும்.

வெந்தயம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பயற்றையைப் போலக் காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்ளும் என நம்பிப் பசளையைக் குறைத்தல் கூடாது. அம்முடிச்சை உண்டாக்கும் பற்றீரியா இனம் புளிப்பு மண்ணில் நிலைப்பது அரிது. முன்பு வெந்தயம் வளராத மண்ணில் அது இல்லாமலும் இருக்கலாம். கூட்டெருவே இங்கு பயிரைத் தாங்குவது.

கடை வெந்தயமே விதைக்குப் போதும். ஆனால் வறுத்ததும் மிகப் பழையதும் முளைக்கா. ஈரத்துணியில் நூறு விதைகளை மடித்து வைத்து, நான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணிப் பார்த்தால் ஐயம் தீரும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பெட்டிக்கு ஒரு தேக்கரண்டி விதை அளவானது. ஓரிரவு ஊறவைத்துப் பரவலாகத் தூவி, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் மண் மூடவேண்டும். மூன்று முதல் ஐந்து நாள்களில் முளை தோன்றும்.

இதன்பின் கெடுதல் வருவது பெரும்பாலும் நீரினாலேயே. நெருக்கமாக முளைத்த நாற்று, இரவெல்லாம் ஈரமாயிருந்தால், அடித்தண்டு மெலிந்து கும்பலாகச் சாயும், அதுவே நாற்றழுகல். காலையில் மட்டும் நீர் தெளித்தல், நெருக்கத்தைக் கலைத்தல், நாளுக்கு நான்கைந்து மணி நேர வெயில் படச்செய்தல் ஆகியவையே அதற்குக் காப்பு. இளந்தளிரை நத்தை ஓரிரவில் மொட்டையடித்துவிடும். சுற்றிலும் தூவும் சாம்பல் நனைந்தவுடன் பயனற்றுப்போகும்; இருட்டியபின் விளக்குடன் சென்று பொறுக்குவதே உறுதியான வழி.

பெட்டியில் வளர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மண்சரிவுகள் நேர்ந்து உயிர்கள் மாண்டன. வீட்டின் பின்புறச் சாய்வை வெட்டிப் பாத்தி அமைப்பது எந்தக் கீரைக்கும் தகுந்த விலையன்று.

செடி ஐந்தாறு அங்குலம் வளர்ந்ததும், மண்ணுக்கு ஓரங்குலம் மேலே அறுத்தால் சில வேளை மறுமுறையும் தழைக்கும். சனவரி தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு பெட்டியாக விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டலாகவோ, பருப்புடனோ சமைக்கலாம். கோதுமை மாவுடன் அரிந்து பிசைந்து ரொட்டியாகச் சுட்டால், கைப்பை விரும்பாத பிள்ளைகளும் உண்பர். இக்கீரையில் இரும்புச் சத்து உண்டு. எலுமிச்சம்புளி சேர்த்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுடனோ உண்ட உடனேயோ தேநீர் பருகினால் குறையும். இரத்தச்சோகையுள்ள பெண்கள் தேநீரை ஒரு மணி நேரம் பிந்திப் பருகுதல் நன்று.

வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாக உண்பதில் எச்சரிக்கை தேவை. 2011இல் செருமனியில் பரவிய கொடிய வயிற்றுப்போக்கு நோயில் 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். எகிப்திலிருந்து சென்ற வெந்தய விதையின் முளைகளே அதற்கு மூலமென ஐரோப்பிய ஆய்வாளர் முடிவு செய்தனர். முளை வளர ஏற்ற ஈரமும் வெப்பமும் கிருமிக்கும் ஏற்றவை. ஆதலால் முளைகளை வேகவைத்தே உண்ணவேண்டும். மருந்து பூசி விற்கும் விதையை உணவாகக் கொள்ளவே கூடாது.

வெந்தயம் இரத்தத்தில் சர்க்கரையைச் சிறிது குறைக்கும் என்பது உண்மை. அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் ஆபத்து. மருந்துடன் மிகுதியாக உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். நீரிழிவுக்கு மருந்து உண்போரும் கருவுற்ற பெண்களும், கறிக்கு இடும் அளவுக்கு மேல் வெந்தயம் உண்ணுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.